பழைய தனி வீட்டை விற்குமுன்: உள்ளபடியே விடுவதா, புதுப்பிப்பதா, இடித்து மனையாக்குவதா?

சென்னையின் மாம்பலம், நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீட்டை விற்க முடிவு செய்யும் குடும்பத்தில், விலையைப் பற்றிய பேச்சுக்கு முன்பே செலவைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிடும். அண்ணன் இருக்கிறபடியே தள்ளிவிடலாம் என்பார். தங்கை, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துத் தரையை மாற்றினால் பத்து லட்சம் கூடுதலாகக் கேட்கலாம் என்பார். தரகரோ, இடித்துச் சுத்தம் செய்து மனையாகக் காட்டினால் உடனே போய்விடும் என்பார். மூன்று யோசனைகளையும் எடைபோட வேண்டுமானால், வாங்க வருபவர் குடியேறப் போகிறவரா, அடுக்குமாடி கட்டப் போகிறவரா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் நிற்கும் பழைய வீட்டைப் பார்க்க வரும் கட்டுமான நிறுவனத்தார் வாசலிலேயே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள். சாலையின் அகலம், மனையின் முகப்பு, பத்திரத்தின் தெளிவு ஆகிய மூன்றும்தான் அவர்களுக்குப் பொருட்டு; சமையலறையில் பதித்த புதிய டைல்ஸுக்கு அவர்கள் கணக்கில் மதிப்பே இல்லை. இத்தகைய வாங்குபவரை எதிர்பார்த்து முழுப் புதுப்பிப்புக்குப் பணம் போடுவது வீண். குடியேற வருபவரிடமும் அந்தச் செலவு முழுதாகத் திரும்புவது அரிது. வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் வரும்போது நிலத்துக்கு ஒரு மதிப்பும், வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துக் கட்டடத்துக்கு வேறொரு மதிப்பும் போடுகிறார். நாற்பது வயதுக் கட்டடத்தின் மதிப்பை மாடுலர் கிச்சன் பெரிதாக உயர்த்திவிடாது. மேலும், விற்பவர் தேர்ந்தெடுத்த கிரானைட்டின் நிறம் வாங்குபவருக்குப் பிடிக்காவிட்டால், அதைப் பெயர்த்தெடுக்கும் செலவையும் சேர்த்தே அவர் பேரம் பேசுவார்.

எனினும், எதையும் தொடாமல் உள்ளபடியே விற்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வீடு பார்க்க வருபவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது மேல்தளத்தின் மூலைகளைத்தான். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்திலும், மாடிக் குளியலறைக்குக் கீழேயும் பழுப்பு வளையம் தெரிந்தால், அடுத்து அவர் சன்னலுக்கடியில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். பூச்சு மாவாக உதிர்ந்தால், பத்தாயிரம் ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய பழுதுக்கு லட்சக்கணக்கில் விலையைக் குறைத்துக் கேட்பார். கசிவு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாதாகையால், மோசமான காரணத்தையே அவர் எண்ணிக்கொள்வது இயல்பு. ஆகவே, தளத்தின் தட்டோட்டில் விரிசல்களை அடைத்து, மழைநீர்க் குழாயின் அடைப்பை நீக்கி, சொட்டும் குழாய்களை மாற்றி, சுவர் நன்கு காய்ந்தபின் வெளிர்நிறத்தில் ஒரு பெயின்ட் அடிப்பது, போட்ட பணத்தை மீட்டுத்தரும் வேலை. அதைச் சித்திரை, வைகாசி வெயிலில் முடித்துக்கொள்வது நல்லது. ஆடியில் முன்பணம் கொடுக்கத் தயங்குபவர்கள் இன்றும் பலர் என்பதால், வீடு ஆவணியில் பார்வைக்குத் தயாராக இருந்தால் போதும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓதத்தைச் சரிசெய்யாமல் அதன்மேல் பெயின்ட் அடித்து மறைப்பது பராமரிப்பு ஆகாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாததும் தனக்குத் தெரிந்ததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. உள்ளபடியே விற்பவருக்கு இந்த ஒரு வகையில் நிம்மதி அதிகம். அவர் வீட்டின் குறைகள் மறைக்கப்படாமல் கண்ணெதிரே இருக்கின்றன.

இடித்து மனையாக விற்பது மேலோட்டமாகப் பார்க்கக் கவர்ச்சியானது. மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், தேக்கு உத்தரங்களுக்கும் கதவு நிலைகளுக்கும் ஈடாக இடிப்பவரே பணம் கொடுக்கவும் கூடும். ஆனால் தரகர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது வருமான வரியை. குடியிருப்பு வீட்டை விற்று வேறு வீடு வாங்குபவருக்கு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 54 என்று எண்ணிட்ட சலுகையின்படி, கிடைத்த ஆதாயத்தை மட்டும் உரிய காலத்துக்குள் புதிய வீட்டில் போட்டால் போதும். வெற்று மனையை விற்பவருக்கு அது பொருந்தாது. அவர் 54எஃப் சலுகையைத்தான் நாட வேண்டும். அதில் முழு விலக்குப் பெற நிகர விற்பனைத் தொகை முழுவதையும் முதலீடு செய்ய வேண்டும்; அவருக்கு ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தால் அதுவும் கிடையாது.

கணக்காகவே பார்க்கலாம். விற்பனைத் தொகை 3 கோடி, ஆதாயம் 2.2 கோடி, புதிய அடுக்குமாடி வீடு 2.2 கோடி என்று கொள்வோம். வீடாக விற்றிருந்தால் ஆதாயம் முழுவதற்கும் விலக்கு. மனையாக விற்றால், 3 கோடியில் 2.2 கோடியை மட்டுமே முதலீடு செய்ததால், அந்த விகிதப்படி ஆதாயத்தில் ஏறத்தாழ 1.61 கோடிக்கு மட்டுமே விலக்கு. மீதி 58 லட்சத்துச் சொச்சத்துக்கு 12.5 சதவீதத்தில் 7.3 லட்சம் வரி, அதன்மேல் கூடுதல் வரிகள் தனி. தேக்குக் கட்டைக்குக் கிடைத்த பணம் இதற்கு ஈடாகுமா என்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம். இடிப்பதற்கு உள்ளாட்சி அனுமதி, மின் இணைப்பைத் துண்டித்தல், விற்கும்வரை காலிமனையில் குப்பையும் ஆக்கிரமிப்பும் சேராமல் காத்தல் என்ற அலைச்சல்கள் வேறு. வாங்குகிற கட்டுமான நிறுவனம் பத்திரம் பதிவானபின் தானே இடித்துக்கொள்ளும்போது, விற்பவர் இதைத் தலைமேல் போட்டுக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கூரையே உட்கார்ந்துவிட்டு, உள்ளே நுழைவது ஆபத்தான நிலையில் இருக்கும் வீடு விதிவிலக்கு.

மூன்று வழிகளிலும் விலையை அதிகம் பாதிப்பது கட்டடத்தைவிடக் காகிதம்தான். தந்தை காலமாகிப் பல ஆண்டுகளாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருப்பது, வாரிசுச் சான்றில் உள்ள மகள்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ விற்பனைக்குக் கையெழுத்தோ தராமல் இருப்பது, அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் வங்கி வழக்கறிஞர் கடனை நிறுத்திவிடுவார். பிறகு ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே மிஞ்சுவார், அவர் சொல்வதே விலையாகும். பெயின்ட்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம், வழக்கறிஞர் கருத்துரை ஆகியவற்றுக்கு முதலில் செலவிடுவதே என் தேர்வு.

கும்பகோணம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் நிலைமை சற்று வேறு. அங்கே பழைய வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் பால் காய்ச்சிக் குடியேறுபவராகவே இருப்பதால், சமையலறைக்கும் கழிவறைக்கும் அளவாகச் செய்யும் செலவுக்குப் பலன் உண்டு. சென்னையானாலும் அந்த ஊர்களானாலும், சாமான்களை அகற்றி வீட்டைக் காலியாக வைத்திருப்பவர்கள் மின் இணைப்பை மட்டும் துண்டித்துவிடக் கூடாது. வருபவர் மோட்டாரைப் போட்டு, குழாயைத் திறந்து, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் விலை பேச உட்காரமாட்டார்.