குன்னூர்–ஊட்டி மலை ரயில்: வெலிங்டனைப் பார்க்க வருகிறவர்களுக்கு எந்த அளவு உதவும்?

நீலகிரி மலை ரயில் என்றாலே பேச்சு கல்லாறு–குன்னூர் ஏற்றத்தைப் பற்றித்தான் இருக்கும். 12 அடிக்கு ஓரடி உயரும் பாதை, தண்டவாளத்துக்கு நடுவே எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்சட்டம், பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும் நீராவி எஞ்சின் எல்லாம் அங்கேதான். ஆனால் வெலிங்டன் என்ற ராணுவ ஊர் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள வருகிறவர்கள் அந்த டிக்கெட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். குன்னூரில் ஏறி ஊட்டியில் இறங்குங்கள். சுமார் 19 கி.மீ. தூரம்தான்.

நீராவி ஆசையோடு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குன்னூரோடு பல்சட்டம் முடிகிறது, எஞ்சினும் டீசலாக மாறிவிடும். மேலே சரிவு 25க்கு 1தான், சாதாரணச் சக்கரமே இழுத்துவிடும். குன்னூரிலிருந்து கிளம்பும்போது வண்டி முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போய், பிறகுதான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். பதற வேண்டாம், அந்த நிலையத்தின் அமைப்பே அப்படி.

அடுத்த நிலையம் வெலிங்டன். ஜெகதளா என்ற படுகர் ஊரின் பெயரை வெள்ளைக்காரர்கள் 'ஜக்கதல்லா' என்று உச்சரித்தார்கள். ராணுவக் குடியிருப்புக்கும் முதலில் அதுவே பெயர். சமவெளியில் ஐரோப்பிய சிப்பாய்களைப் போரை விட காலராவும் மலேரியாவும் சீதபேதியும்தான் அதிகம் கொன்றன. அதனால் சுமார் 6,000 அடி உயரத்தில், குளிர்ந்த இடத்தில், 1852ல் பேரக்ஸ் எனப்படும் சிப்பாய் குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டு இறந்த வெலிங்டன் கோமகனின் பெயரை 1860ல் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இந்த ஊருக்குச் சூட்டினார். 1799ல் திப்புவுக்கு எதிராகச் சீரங்கப்பட்டணத்தில் நின்ற ஆர்தர் வெல்லெஸ்லிதான் அந்தக் கோமகன். ரயிலோ 1899ல் குன்னூரோடு நின்றுவிட்டது. 1908ல் பாதையை ஊட்டிப் பக்கம் நீட்டும்வரை பேரக்ஸுக்குப் போக மலைச்சாலைதான்.

பேரக்ஸ் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது, இப்போது அதன் பெயர் ஸ்ரீநாகேஷ் பேரக்ஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையமான எம்.ஆர்.சி. இங்கேதான் இயங்குகிறது. நாட்டுப் பிரிவினையில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் குவெட்டாவின் ஸ்டாஃப் காலேஜ் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியாவுக்கான கல்லூரி 1947ல் இங்கே அமைந்தது. இரண்டுமே ராணுவ வளாகங்கள். சுற்றுலாப் பயணி நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. வாசல், காவல் சாவடி, படைவீரர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். வெலிங்டனில் இறங்கினால் அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருப்பதும் வீண். குன்னூர்–ஊட்டி சாலையில் பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன, குன்னூர் சுமார் 3 கி.மீ.தான்.

இறங்காமல் தொடர்ந்து போவதே மேல் என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் ஒரு படைமுகாமுக்கு என்னவெல்லாம் வேண்டியிருந்தது என்பது இந்த வழியிலேயே வரிசையாக வருகிறது. அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. 1900களின் தொடக்கத்தில் வந்தது, செய்த பொருள் கார்டைட். நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோசையும் பிசைந்து கயிறு போல இழுப்பதால் அந்தப் பெயர். பழைய கரிமருந்து போலப் புகை கக்காது என்பதால் சுட்டவன் நிற்கும் இடம் எதிரிக்குத் தெரியாது. அடுத்தது கேத்தி, தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட போயர் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) கைதிகளை இங்கும் வெலிங்டனிலும் அடைத்து வைத்தார்கள். அதற்கடுத்து லவ்டேல். சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகவும் அநாதைகளுக்காகவும் 1858ல் தொடங்கிய லாரன்ஸ் விடுதிதான் இன்றைய லாரன்ஸ் பள்ளி. சிப்பாய், வெடிமருந்து, கைதி, பிள்ளை: நாலும் ஒரே தண்டவாளத்தில். இதைச் சொல்ல ரயிலில் வழிகாட்டி கிடையாது. படித்துவிட்டு ஏறாதவருக்கு இது வெறும் தேயிலைத் தோட்டப் பயணம்தான். அந்த வகையில் இந்தச் சேவையில் இது ஒரு குறைதான்.

ஊட்டியில் இறங்கிய பிறகு நேரம் இருந்தால் பார்சி கல்லறைத் தோட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெலிங்டன் கல்லூரிக்குத் தலைமை வகித்தவரும், குன்னூரில் குடியிருந்தவரும், 2008ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தவருமான பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

டிக்கெட் எடுக்கும்போது ஊட்டி என்று தேடாமல் உதகமண்டலம் என்றே தேடுங்கள், நிலையக் குறியீடு யு.ஏ.எம்.; குன்னூருக்கு ஓ.என்.ஆர். ஏப்ரல், மே மாதங்களில் முன்பதிவு இல்லாத பெட்டியை நம்பிப் போனால் நிற்கக்கூட இடம் கிடைப்பது சிரமம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். அப்போதும் மேல் பாதியில் பெரும்பாலும் வண்டி ஓடும். எனவே மேட்டுப்பாளையம் ரயில் ரத்து என்ற செய்தியைப் பார்த்ததும் திட்டத்தைக் கைவிடாமல், பேருந்தில் குன்னூர் வந்து நிலையத்தில் விசாரியுங்கள். சொந்த வாகனத்தில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டிலே கொண்டு வாருங்கள்.