காலேஜ் இன்குபேட்டரில் 14 மாதம், உலக அளவிலான புரோகிராமில் 3 மாதம்: சூடு ஆறியபின் எழுதுவது

இரண்டையும் அனுபவித்த ஆள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் கல்லூரி இன்குபேட்டரில், அதாவது மாணவர் தொடங்கும் கம்பெனிகளுக்கு இடமும் உதவியும் தரும் பிரிவில், சேர்ந்து 14 மாதம் இருந்தோம். அப்புறம் பல நாடுகளிலிருந்தும் ஆள் எடுக்கும் ஒரு ஆக்சிலரேட்டரில், அதாவது புதுக் கம்பெனிகளைச் சில மாதத்தில் வேகமாக வளர்க்கப் பார்க்கும் புரோகிராமில், மூன்று மாதம். அது முடிந்து இப்போது இரண்டரை வருடம் ஆகிறது. கம்பெனி ஓடுகிறது, பறக்கிறது என்று சொல்ல மாட்டேன். சேர்ந்த வாரத்து உற்சாகத்தில் எழுதிய அனுபவங்கள் நிறையக் கிடைக்கின்றன, எல்லாம் அடங்கியபின் எழுதியவை குறைவு. குறையும் சொல்லப்போவதால் இரண்டு இடத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

எங்கள் பொருள் ரொம்பச் சின்னது. ஆய்வகங்களில் மைக்ரோஸ்கோப், சென்ட்ரிஃப்யூஜ் மாதிரி பொதுவான கருவிகளை யார் எந்த நேரத்தில் எடுக்கிறார்கள் என்று முன்பதிவு செய்யும் மென்பொருள். அதற்கு முன் லேப் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒருவர் பேனாவால் பெயர் எழுதுவார், அடுத்தவர் அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதுவார், மூன்றாவது ஆள் தாளையே கிழித்துவிடுவார். அந்தத் தாளுக்குப் பதில்தான் எங்கள் கம்பெனி.

இன்குபேட்டர் கொடுத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசை, நெட், மீட்டிங் அறை, பதிவு வேலைகளுக்கு ஒரு வக்கீல், வெளியே சொல்லிக்கொள்ள ஒரு முகவரி. இதையெல்லாம்விட, மாடிப்படி ஏறினால் கஸ்டமர். அதே கட்டடத்தில் மூன்று லேப் முதல் மாதத்திலேயே பயன்படுத்த ஆரம்பித்தன. தப்பு வந்தால் நேரில் போய் உட்கார்ந்து சரிசெய்தோம். இந்த வசதி வெளியே எங்கும் கிடைக்காது. மென்பொருள் செய்கிற எங்களுக்கே இவ்வளவு பயன் என்றால், ரசாயனமோ மருத்துவக் கருவியோ செய்கிறவர்களுக்கு வளாகத்து லேப்தான் உயிர். அவர்கள் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், அங்கேயே இருக்கலாம்.

ஆனால் மூன்று லேபும் காசு கட்டவில்லை. கேட்டபோது, “நம்ம பசங்கதானே, பார்த்துக்கலாம்” என்றார்கள். நாங்களும் சரி சார் என்று வந்துவிட்டோம். வகுப்பில் மார்க் போடுகிறவரிடம் பில் நீட்ட யாருக்குத் தைரியம் வரும்?

மாதாமாதம் ரிவ்யூ நடக்கும். ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் 20 ஸ்லைடு காட்டுவோம். இதில் புதுமை என்ன, பேட்டன்ட் போட்டாச்சா, எந்தப் போட்டியில் கலந்துகொண்டீர்கள், எத்தனை மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். எங்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. 14 மாதத்தில் நாலு பிட்ச் போட்டியில் பரிசு வாங்கியிருந்தோம். கோப்பை வைக்க அலமாரி இருந்தது, வங்கிக் கணக்கில் மட்டும் பரிசுப் பணத்தைத் தவிர ஒன்றும் இல்லை. யார் காசு கொடுப்பார்கள் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆக்சிலரேட்டரில் முதல் குழு வீடியோ அழைப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்களுக்கு அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. ஸ்லைடெல்லாம் தயாராக வைத்திருந்தோம், யாரும் கேட்கவில்லை. மென்டர் கேட்டது இவ்வளவுதான்: “போன வாரம் எத்தனை கஸ்டமரிடம் பேசினீர்கள்?” இரண்டு பேர் என்றேன். யார் அவர்கள்? எங்கள் துறை ஆட்கள். உங்களைத் தெரியாதவர் யாராவது? இல்லை. “சரி, அடுத்த டீம்.” மொத்தமே நாலு நிமிடம். மைக்கை அணைத்துவிட்டு என் கோஃபவுண்டர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரத்துக்குள் முன்பின் தெரியாத 40 லேப் மேலாளர்களுக்கு மெயில் அனுப்பினோம். ஏழு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், வேறு கண்டத்தில் இருப்பவர், எங்கள் முதல் காசு கட்டிய கஸ்டமர். இதுவரை அவர் முகத்தை நேரில் பார்த்ததில்லை.

இன்குபேட்டர்காரர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கள் மேலாளர் தங்கமான மனிதர். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி நிர்வாகத்துக்கு. வருடக் கடைசியில் எத்தனை ஸ்டார்ட்அப், எத்தனை பேட்டன்ட், எத்தனை விருது என்று அறிக்கை போக வேண்டும். நாங்கள் மூடாமல் இருப்பதே அவருக்கு நல்ல எண்ணிக்கை. பங்கு வாங்குகிற ஆக்சிலரேட்டர் முதலீட்டாளருக்குப் பதில் சொல்கிறது. நூறில் ஓரிரண்டு பெரிதாக வளர்ந்தால்தான் அதற்குப் பிழைப்பு. அதனால்தான் அந்த அவசரம். அந்த அவசரம் நமக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். ஒரு வாரத்தில் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் நம்மிடம் பேசும் குரலே மாறிவிடும், அதையும் பார்த்தேன்.

மாணவர்களுக்கென்று யோசித்துத் தொடங்கியது என்று பார்த்தால் ஒய் காம்பினேட்டர் என்ற பிரபல அமெரிக்க ஆக்சிலரேட்டரே அப்படித்தான். 2005-ல் அது முதல் பேட்ச் எடுத்தபோது, கோடை விடுமுறையில் வேலைக்குப் போவதற்குப் பதிலாக இங்கே வாருங்கள் என்றுதான் அழைத்தது. கல்லூரியை அப்போதுதான் முடித்த இருவர் தொடங்கிய ரெட்டிட் அந்த பேட்ச்தான். இன்று அது வேறு அளவில் நடக்கிறது, பண நிபந்தனையும் வேறு. அந்த நிபந்தனையை மாணவர்கள் பெரும்பாலும் தப்பாகப் படிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

5 லட்சம் டாலர், 7 சதவீதம் பங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது இரண்டு துண்டு. 1,25,000 டாலருக்கு 7 சதவீதம். மீதி 3,75,000 டாலர் ஒரு சேஃப், அதாவது பணத்தை இப்போது வாங்கிக்கொண்டு பங்கை அடுத்த முதலீட்டின்போது கொடுக்கும் ஒப்பந்தம். கம்பெனி மதிப்பை இவ்வளவுக்கு மேல் கணக்கிடக் கூடாது என்ற வரம்பு இதில் எழுதியிருக்காது; பின்னால் வரும் முதலீட்டாளருக்கு நாம் என்ன நல்ல நிபந்தனை கொடுக்கிறோமோ அதுவே இதற்கும் பொருந்தும். அடுத்தவர் 1 கோடி டாலர் வரம்பில் பணம் போட்டார் என்று வையுங்கள், இந்த 3,75,000 இன்னொரு 3.75 சதவீதம் ஆகிவிடும். 7 என்று நினைத்தது 10.75. டெக்ஸ்டார்ஸ் என்ற இன்னொரு ஆக்சிலரேட்டரும் இப்போது இதே பாணிக்கு வந்துவிட்டது: 20,000 டாலருக்கு 5 சதவீதம், கூடவே 2 லட்சம் டாலர் இன்னொரு சேஃபாக. இவை அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். நாங்கள் சேர்ந்தது இவற்றைவிடச் சிறிய புரோகிராம், 6 சதவீதம் கொடுத்தோம். கணக்கைப் போட்டது கையெழுத்துக்குப் பிறகு.

பங்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மாஸ்சேலஞ்ச் என்ற ஆக்சிலரேட்டர் பங்கு கேட்பதில்லை. ஒய் காம்பினேட்டரின் ஸ்டார்ட்அப் ஸ்கூல் இணையத்தில் இலவசம், கோஃபவுண்டர் தேடும் வசதியும் அதோடு உண்டு. இன்குபேட்டரில் இருந்துகொண்டே இதைச் செய்திருந்தால் எங்களுக்கு ஆறு மாதமாவது மிச்சமாகியிருக்கும்.

அறிவுசார் சொத்து விஷயம்தான் நாங்கள் வெளியே போனதற்கு இன்னொரு காரணம், இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்குபேட்டரில் சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். வளாகத்து வசதியைக் கணிசமாகப் பயன்படுத்தி உருவாக்கியதில் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி எங்களுடையதில் இருந்தது. ‘கணிசமாக’ என்றால் எவ்வளவு? வைஃபை கணிசமா? பின்னால் ஒரு முதலீட்டாளர் கேட்டபோது, கோட் முழுக்க எங்களுடையதுதான் என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்க மூன்று மாதம் அலைந்தோம். எல்லாக் கல்லூரியும் இப்படியல்ல. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவருக்கே உரிமை என்பது கொள்கை. மறுபக்கம், கூகுள் தேடலுக்கு அடிப்படையான பேஜ்ரேங்க் முறையின் பேட்டன்ட் ஸ்டான்ஃபோர்டின் பெயரில்தான் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்கு கூகுள் கொடுத்த பங்குகளை விற்று அந்தப் பல்கலைக்கழகம் 33 கோடி டாலருக்கு மேல் பார்த்தது.

படிவத்தில் வினைச்சொல்லைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோஷ் மருந்து நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கின் கதையே ஒரு சொல்லில் தொங்கியது. ஆய்வாளர் பல்கலைக்கழகத்திடம் ‘உரிமையை ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்’ என்று கையெழுத்திட்டிருந்தார். வெளி நிறுவனம் ஒன்றிடம் (அதன் உரிமை பின்னால் ரோஷுக்குப் போனது) ‘இதன் மூலம் ஒப்படைக்கிறேன்’ என்று. முதலாவது வாக்குறுதி, இரண்டாவது அந்த நிமிடமே கைமாறிவிட்டது. பல்கலைக்கழகம் தோற்றது. எங்கள் படிவத்தை எடுத்துப் பார்த்தபோது அதில் இரண்டாவது வகை வாக்கியம் இருந்தது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், ஆனாலும் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளியே போனால் மட்டும் காகிதத் தொல்லை இல்லையா என்றால், இருக்கிறது, வேறு ரகத்தில். அமெரிக்காவின் டெலவேரில் கம்பெனி பதிவு செய்யச் சொன்னார்கள், செய்தோம். ஸ்ட்ரைப் அட்லஸ் மாதிரி சேவைகளால் பதிவு சுலபம், சில நாளில் முடிந்துவிடும். முதல் வருடம் பிப்ரவரியில் ஒரு வரி நோட்டீஸ் வந்தது: 85,165 டாலர். மார்ச் 1-க்குள் கட்ட வேண்டும். எங்கள் கணக்கில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று இரவு கோஃபவுண்டரிடம் சொல்லாமல் தூங்காமல் கிடந்தேன். காலையில் பேட்ச் குழுவில் கேட்டால் நாலு பேர் சிரிக்கிறார்கள். 1 கோடி பங்குகளை அனுமதித்துப் பதிவு செய்யும் எல்லாக் கம்பெனிக்கும், பங்கு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் சரியாக அந்தத் தொகைதான் வரும். கணக்கிட இன்னொரு முறை இருக்கிறது, சொத்தையும் வெளியிட்ட பங்கையும் வைத்து. அதில் போட்டால் குறைந்தபட்ச வரி 400 டாலர், ஆண்டறிக்கைக் கட்டணம் 50 டாலர். 450 கட்டிவிட்டு வந்தேன். மூன்று மாதப் புரோகிராமில் கேட்ட எத்தனையோ உரைகளைவிட அந்தக் குழுவின் ஒரு காலைச் சிரிப்பு அதிகம் உதவியது. இரண்டரை வருடத்துக்குப் பிறகும் மிஞ்சியிருப்பது அந்தக் குழுதான். மென்டர்கள் அடுத்த பேட்சுக்குப் போய்விட்டார்கள். இலவசமாகத் தந்த கிளவுட் சர்வர் கிரெடிட் காலாவதியானது. ஆகும் முன்பே, அணைக்க மறந்த ஒரு சோதனை சர்வர் பாதியைத் தின்றுவிட்டது, அது என் கைங்கரியம்.

படிப்பு என்ன ஆகும் என்றுதான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இந்தப் புரோகிராம்கள் முழுநேரம் கேட்கும். நான் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தேன். விடுப்பு விதி என்ன, எத்தனை மாதம், திரும்பி வந்தால் அதே இடம் கிடைக்குமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே துறை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கு ஒய் காம்பினேட்டர் 2025-ல் ஒரு வழி திறந்தது: படிக்கும்போதே விண்ணப்பித்துத் தேர்வாகி, பட்டம் வாங்கியபின் பேட்சில் சேரலாம். எங்கள் காலத்தில் இருந்திருந்தால் என் அம்மாவிடம் அவ்வளவு பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

விசாவும் ஒரு தலைவலி. நேரில் வரச்சொல்லும் புரோகிராம் என்றால் தேர்வான அன்றே அந்த வேலையைத் தொடங்க வேண்டும். எங்கள் பேட்சில் ஒரு டீம் கடைசிவரை வந்து சேரவில்லை, மூன்று மாதமும் திரையிலேயே இருந்தார்கள்.

இப்போது ஜூனியர்கள் எதில் சேரலாம் என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் முதல் பத்து கஸ்டமர் எங்கே இருக்கிறார்கள் என்று. வளாகத்துக்குள் என்றால் இன்குபேட்டர் போதும், ஆனால் முதல் நாளிலேயே விலை சொல்லிவிடுங்கள். வெளியே என்றால் உள்ளே இருந்துகொண்டு குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டாதீர்கள். நாங்கள் 14 மாதம் ஓட்டினோம். ஆறு மாதத்தில் கிளம்பியிருக்கலாம். அதற்காக முதல் நாளே வெளியே போயிருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அந்த மூன்று லேபில் அடித்துத் திருத்திய பொருளைத்தான் வெளியே விற்றோம்.

அந்த மூன்றில் ஒரு லேப் மறுபடியும் தாளுக்கே போய்விட்டது. ஒன்று இன்னும் இலவசக் கணக்கில் இருக்கிறது. மூன்றாவது லேப் போன மாதம் தானாகவே கூப்பிட்டு, கருவிகள் கூடிவிட்டன, முழு விலைக்கே வாங்கிக்கொள்கிறோம் என்றது. பில் அனுப்பினோம். கல்லூரி விதிப்படி மூன்று கொட்டேஷன் வேண்டுமாம். மற்ற இரண்டுக்கும் எங்கள் போட்டிக் கம்பெனிகளின் பெயரையும் தொடர்பு எண்ணையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.