கேட்கத் தயங்கியவர்கள் பேசத் தொடங்கிய இடம்: டெலிகிராமில் எங்கள் கணிதக் குழுவின் நான்கு ஆண்டுகள்

2021 இறுதியில் நான் முதுகலைக் கணிதம் சேர்ந்தபோது எங்கள் வகுப்புக்கு ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நாளைக்கு இன்டர்னல் உண்டா, அசைன்மென்ட் எப்போது வைக்க வேண்டும், யாரிடம் நோட்ஸ் இருக்கிறது என்றெல்லாம் அதில் நாள் முழுவதும் செய்தி வரும். கணிதம் மட்டும் வராது. முதல் செமஸ்டர் முடியும்வரை ஒருவரும் அதில் ஒரு தேற்றத்தைப் பற்றிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் எல்லாமே புரிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. விடுதி வராந்தாவிலும் குடியாத்தம் பஸ்ஸிலும் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் புலம்பிக்கொண்டுதான் இருந்தோம்.

அந்தப் புலம்பலைக் கேள்வியாக மாற்றத்தான் டெலிகிராமில் தனியாக ஒரு குழு தொடங்கினோம். வேலூரில் இரண்டு கல்லூரிகள், திருப்பத்தூரில் ஒன்று என மொத்தம் பதினொரு பேர். இப்போது முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆரணியிலிருந்து வாணியம்பாடிவரை, அதாவது 1989-இல் பிரிக்கப்படுவதற்கு முந்தைய வட ஆற்காடு மாவட்டம் ஏறக்குறைய முழுவதிலிருந்தும் வந்தவர்கள். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் படிப்பவர்கள்தான் பெரும்பாலோர். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டம் சற்று மாறினாலும் ரியல் அனாலிசிஸும் டோபாலஜியும் யாரையும் விடுவதில்லை.

ஏன் டெலிகிராம் என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய கோப்புகளை அனுப்பலாம், குழுவில் இரண்டு லட்சம் பேர்வரை இருக்கலாம் என்பார்கள். எங்களுக்கு அவை ஒரு பொருட்டே அல்ல. எங்களை அங்கே கொண்டுபோனது தொலைபேசி எண். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நம் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். வேறு கல்லூரி மாணவர்கள் உள்ள குழுவில் சேரப் பல மாணவிகளின் வீட்டில் சம்மதிக்காததற்குக் காரணம் அதுதான். அந்தக் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். டெலிகிராமில் எண்ணை மறைத்துவிட்டு ஒரு பயனர் பெயரோடு பேசலாம். ஆனால் ஒன்று: தனியுரிமை அமைப்புக்குள் போய், எண்ணை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றும் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நாங்கள் அனுப்பும் முதல் செய்தி இதுதான். வணக்கம்கூட அதற்குப் பிறகுதான்.

தொடங்கிய வேகத்திலேயே ஒரு தவறு செய்தோம். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று பொது இணைப்பைப் பரப்பினோம். மூன்று வாரத்தில் நூற்றைம்பது பேர் வந்தார்கள். அவர்களில் சிலருக்கும் கணிதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பங்குச்சந்தையில் பணம் பெருகும் என்று ஒருவர் செய்தி போட்டார். இன்னொருவர் மாணவிகளுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்கினார். எங்களிடம் சொல்லாமலேயே நான்கு பெண்கள் விலகிவிட்டார்கள். அன்று இரவே அந்த ஆட்களை நீக்கினோம். பொது இணைப்பை எடுத்துவிட்டு, நிர்வாகி ஒப்புதல் தந்தால் மட்டுமே சேர முடியும்படி மாற்றினோம். நிர்வாகிகளில் பாதிப்பேர் மாணவிகளாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் அப்போதுதான். விலகிய நால்வரில் இருவர் திரும்பி வந்தார்கள். மற்ற இருவரும் வரவே இல்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

குழு அமைந்துவிட்டது, பேச்சு வரவில்லை. இரண்டு மாதம் பிடிஎஃப் கோப்புகள்தான் வந்து குவிந்தன. பழைய வினாத்தாள்கள், எங்கோ வருடி எடுத்த பாடநூல்கள். பதிப்புரிமை உள்ள நூல்களைப் பகிர்வதில்லை என்று நிறுத்தினோம். அதற்குப் பதிலாக ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணைய விரிவுரைகளின் இணைப்புகளைத் தொகுத்து வைத்தோம். கொஞ்சம் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டோம்.

பேச்சைத் தொடங்கி வைத்தவள் ஓடுகத்தூர் பக்கத்துக் கிராமத்து மாணவி ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் என்ன வேறுபாடு என்று வகுப்பில் கேட்க நினைத்தும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்ற தயக்கத்தில் இரண்டு வாரம் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். ஒருநாள் இரவு குழுவில் எழுதினாள்: "அக்கா, இதைத் தமிழில் கேட்கலாமா?" தாராளமாகக் கேள் என்றேன். பிறகு நடந்ததுதான் நான் இந்தக் குழுவில் கண்ட முதல் கலந்துரையாடல்.

ஆம்பூர்க்காரர் ஒருவர் ஏலகிரி மலைப்பாதையை வைத்து விளக்கினார். x-இன் வர்க்கம் என்ற சார்பின் வரைபடம் போகப்போகச் செங்குத்தாகிக்கொண்டே போகும். உயரம் ஒன்றுக்கு மேல் மாறக் கூடாது என்றால், x ஒன்றாக இருக்குமிடத்தில் 0.4 தூரம் நகரலாம். x நூறாக இருக்குமிடத்தில் 0.005 கூட நகர முடியாது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே டெல்டா, அதாவது நகரலாம் என்ற ஒரே அளவு, கிடைக்காது, ஆகவே அது தொடர்ச்சியானது, ஆனால் சீரான தொடர்ச்சி உடையது அல்ல. அழகான விளக்கம். எல்லோரும் கைதட்டும் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். அவள் விடவில்லை. "அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு சந்தேகம். 0 முதல் 1 வரை வர்க்கமூலத்தை எடுத்தால் 0-க்கு அருகில் அதுவும் செங்குத்தாகத்தானே ஏறுகிறது? புத்தகம் அதைச் சீரான தொடர்ச்சி உடையது என்கிறதே?"

பதில் யாரிடமும் இல்லை. மறுநாள் மாலைவரை செய்திகள் போய்க்கொண்டிருந்தன. சாய்வு எல்லைக்குள் இருந்தால் சீரான தொடர்ச்சி உறுதி, ஆனால் சாய்வு எல்லை மீறினாலே சீர்மை போய்விடும் என்று சொல்ல முடியாது என்பதை நாங்களே தட்டுத்தடுமாறிக் கண்டோம். மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான எந்தச் சார்பும் சீரான தொடர்ச்சி உடையதுதான் என்ற தேற்றத்தை அதுவரை மனப்பாடமாகவே வைத்திருந்தேன். அது எதற்காக இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

'நீங்கள் சொன்னதில் ஒரு சந்தேகம்' என்ற அந்தத் தொடரைக் குழு அப்படியே எடுத்துக்கொண்டது. அண்ணா, அக்கா என்று அழைத்துவிட்டால் அவர்கள் சொன்னதை மறுக்க நம் பிள்ளைகளுக்கு வாய் வராது. இந்தத் தொடர் அதற்கு வழிவிட்டது. தவறு என்று யாரும் யாரையும் சொல்வதில்லை. சந்தேகம் என்றால் எங்கள் குழுவில் எல்லோருக்கும் புரியும்.

இன்னொரு வழக்கமும் அப்போது வந்தது. கணக்கை மட்டும் படம் எடுத்துப் போட்டுவிட்டு விடை கேட்கக் கூடாது. தான் எதுவரை போட்டுப் பார்த்தோம் என்பதையும் காட்ட வேண்டும், ஒரு வரியாக இருந்தாலும் போதும். இதனால் முதலில் கேள்விகள் பாதியாகக் குறைந்தன. மூன்று மாதத்தில் பழைய அளவைத் தாண்டின.

செயலியின் வசதிகளில் எங்களுக்கு உண்மையிலேயே கைகொடுத்தவை சிலதான். புதிதாகச் சேர்பவரும் பழைய உரையாடலை எல்லாம் படிக்கலாம் என்பது முதலாவது. ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகம் வரும்போது அந்த ஏலகிரிப் பேச்சுக்கு இணைப்பைக் கொடுத்துவிடுகிறோம். 2022 நவம்பரில் குழுவைத் தலைப்புகளாகப் பிரிக்கும் வசதி வந்தது. முதலில் 200 பேருக்கு மேற்பட்ட குழுக்களுக்கு மட்டுமே தந்ததால் நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்ததும் ஆசையில் பதினேழு தலைப்புகள் திறந்துவிட்டோம். பேச்சு சிதறிப் பெரும்பாலானவை வெறிச்சோடின. இப்போது பாடத்துக்கு ஒன்றாக ஐந்தும், தேர்வுத் தகவலுக்கு ஒன்றும்தான் இருக்கின்றன.

கணிதக் குறியீடுகளை எழுதுவதுதான் இன்றுவரை சிரமம். சூத்திரங்களைச் செய்தியில் நேராக எழுத முடியாததால் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறோம். படமாக அனுப்பினால் சுருங்கி, கீழே எழுதிய சிறிய எண்கள் மங்கிவிடுகின்றன. கோப்பாக அனுப்பினால் தெளிவாக இருக்கும். ஆனால் படத்தில் இருப்பதைத் தேட முடியாது. அதனால் ஒவ்வொரு படத்தின் கீழும் தேற்றத்தின் பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி எழுதச் சொல்கிறோம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய குறிப்புகளைச் சிலர் ஒட்டுவார்கள், அவை குழுவில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே போட வேண்டும். இன்னொன்று, இத்தகைய குழுவில் எழுதுபவை முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்படுவதில்லை. டெலிகிராமில் எழுத்துச் செய்திகளைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு இருவருக்கிடையேயான ரகசிய உரையாடலுக்கு மட்டும்தான். மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் போன்றவற்றைக் குழுவில் போட எவரையும் நாங்கள் விடுவதில்லை.

காணொளிக் கூட்டமும் நடத்திப் பார்த்தோம். மலையடிவார ஊர்களில் சிக்னல் நிற்காது. மாலையில் வீட்டு வேலை செய்ய வேண்டியவர்களால் குறித்த நேரத்துக்கு வர முடியாது. எழுத்தில் கேட்டால் ஒருவர் ஆறு மணிக்குக் கேட்டதற்கு இன்னொருவர் பாத்திரம் கழுவி முடித்துப் பத்து மணிக்குப் பதில் சொல்லலாம். எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு இதுதான் ஒத்துவருகிறது.

நான் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டே டிஆர்பி தேர்வுக்குப் படிக்கிறேன். போன ஜூலையில் நிர்வாகப் பொறுப்பை ஓடுகத்தூர்ப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். மேலே பொருத்தி வைத்திருந்த என் நீண்ட விதிமுறைச் செய்தியை அவள் எடுத்துவிட்டாள். இப்போது அங்கே மூன்றே வரிகள் இருக்கின்றன: உங்கள் எண்ணை மறையுங்கள். எதுவரை போட்டுப் பார்த்தீர்கள் என்று காட்டுங்கள். தமிழில் கேட்கலாம்.