வாய்ப்புண் பேஸ்ட்: தேய்த்தால் வீண், ஒற்றினால் ஒட்டும்

மருந்துக்கடையில் கெனகார்ட் வாய் பேஸ்ட் என்று சீட்டைக் காட்டினால் கிடைப்பது டிரையாம்சினலோன் 0.1%, அழற்சியை அடக்கும் ஒரு ஸ்டீராய்டு. ஒரு கிராம் பேஸ்டில் ஸ்டீராய்டு 1 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் ஒட்டுப்பசை: ஜெலட்டின், பெக்டின், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் மூன்றையும் மினரல் ஆயில் களிம்பில் குழைத்திருக்கிறார்கள். எச்சில் பட்டதும் இவை ஊறி, புண்மேல் ஏடு போலப் படிகின்றன. இந்தப் பொருளின் பெருமையே அந்த ஏடுதான்.

அதைக் கெடுப்பதும் சுலபம். படைக்குத் தடவும் களிம்பு மாதிரி தேய்த்தால் மணல்மணலாக உதிர்ந்து எச்சிலோடு போய்விடும். "ஒட்டவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் தங்கள் விரலைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, புண் உள்ள இடத்தைச் சுத்தமான காஸ் துணியால் ஒற்றுங்கள். கால் அங்குல நீளம் பேஸ்டை விரல்நுனியில் எடுத்து, புண்மேல் வைத்து அழுத்துங்கள். மெல்லிய ஏடு படிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் காபிகூட வேண்டாம். படுக்கும் முன் வைக்கும் வேளையை மட்டும் தவறவிடக் கூடாது: தூக்கத்தில் எச்சில் குறைவு, மருந்து நின்று வேலை செய்யும். புண் கடுமையாக இருந்தால் பகலில் இரண்டு மூன்று வேளை கூடுதலாக வைக்கலாம்.

உதட்டின் உட்புறம், கன்னம் போன்ற இடங்களில் அவ்வப்போது வரும் சின்னப் புண்களுக்கு நல்ல மருந்து. நாக்கின் ஓரத்தில் நிற்காது. ஓயாமல் அசையும் உறுப்பு அது. தொண்டைக்கு அருகே விரலே எட்டாது.

லைக்கன் பிளானஸ் என்ற நாள்பட்ட அழற்சி நோய் வாய் முழுக்கப் பரவி எரிகிறவர்களுக்கு இது போதாது. வீரியமும் குறைவு, வடிவமும் பொருந்தாது. அத்தனை இடத்துக்கும் பேஸ்ட் வைத்து மாளாது. மருத்துவர்கள் அப்போது இதைவிட வீரியமான ஸ்டீராய்டான குளோபெட்டசால் 0.05%க்குப் போவார்கள், ஈறு முழுக்க உரிந்திருந்தால் பல்லுக்கு அச்செடுத்து மெல்லிய ட்ரே செய்து, அதில் மருந்தை நிரப்பி மாட்டச் சொல்வார்கள். இன்னொரு வழி, பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் 0.5 மில்லிகிராம் மாத்திரையை 10 மில்லி தண்ணீரில் கரைத்து, சில நிமிடம் வாயில் வைத்திருந்து துப்புவது. விழுங்கினால் உடம்புக்குள் ஸ்டீராய்டு போகும். இரண்டுமே மருத்துவர் சொல்லித்தான்.

எந்த ஸ்டீராய்டானாலும் வாயில் பூஞ்சை வரலாம். தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை படிந்து, துடைத்தால் வந்துவிட்டால் அநேகமாக அதுதான். குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லி வாய்ச் சொட்டுக்கு அது கேட்கும். லைக்கனின் வலைபோன்ற வெள்ளைக் கோடு துடைத்தால் போகாது. கொத்தாகக் கொப்புளம் வந்தால் ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதன்மேல் இந்த பேஸ்டை வைக்கவே கூடாது. ஏழு நாளில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலை, புகையிலை போடுபவர் என்றால் இரண்டாவது ட்யூப் வாங்குவதற்கு முன்பே.

சீட்டில்லாமல் "வாய்ப்புண் ஜெல்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கோலின் சாலிசிலேட்டோ லிக்னோகெயினோ உள்ள ட்யூப்பைத்தான் நீட்டுவார்கள். வலி சற்று நேரம் அடங்கும். அழற்சி ஸ்டீராய்டு வைத்த அளவுக்கு அடங்காது. அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.