எக்கா, கொலன்சேயா: சமைத்துச் சாப்பிட்டு ஒரு வாரம் தங்க எது?

எக், கொலன்சே இரண்டும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் தீவுகள். ஒவ்வொன்றிலும் வசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஒரே ஒரு மளிகைக் கடை. வாரக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், கடற்கரைப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு அரிசி எப்படி வந்து சேரும் என்று முதலில் பாருங்கள் என்பேன்.

கொலன்சேக்கு ஓபன் (Oban) என்ற துறைமுக ஊரிலிருந்து கப்பல். இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். காரோடு ஏறலாம். அரிசி, பருப்பு, குக்கர், இட்லி மாவு எல்லாம் டிக்கியில் போய்விடும். எக்குக்கு மாலேக் (Mallaig) துறைமுகத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். பயணிகள் கார் கொண்டுபோக முடியாது. வீடு வடக்கே கிளேடேலில் என்றால், துறையிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். மூட்டைகளை ஏற்றிச்செல்ல என்ன ஏற்பாடு என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்கில் இன்னொரு கணக்கும் உண்டு: மின்சாரம். நாட்டின் பொது மின்கட்டமைப்போடு இணைப்பு கிடையாது. 2008 முதல் நீர், காற்று, சூரிய ஒளி மூன்றையும் சேர்த்துத் தீவு மக்களே மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கு முன் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்கள்தான். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கெட்டில் ஒன்றே 3 கிலோவாட் வரை எடுக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது 2. அந்த நேரத்தில் ரைஸ் குக்கரையும் போட்டால் மின்சாரம் நின்றுவிடும். அதனால் டீ போட்டு முடித்து, அப்புறம் சோறு, அப்புறம் துணி. கேஸ் அடுப்பு உள்ள வீடாகக் கேட்டு எடுத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவசரப்பட வழியே இல்லாத வீட்டில்தான் விடுமுறை உண்மையில் மெதுவாகிறது. 1997இல் தீவை விலைக்கு வாங்கி, இன்றுவரை தாங்களே நடத்திவரும் மக்கள் இவர்கள். அவர்களுக்கு நம் வாடகைப் பணம் போவதில் எனக்கு மனநிறைவு உண்டு. கொலன்சேயில் பெரும்பகுதி நிலம் ஒரு குடும்பத்தின் எஸ்டேட்.

நடக்கப் பிடித்தவர்களுக்கும் எக்தான். 393 மீட்டர் அன் ஸ்கூர் மலை, காய்ந்திருக்கும்போது காலடியில் கீச்சிடும் குவார்ட்ஸ் மணல், எதிரே ரம் தீவின் மலைகள்.

ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவோடு, சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் கொலன்சேதான் சரி. கிலோரன் கடற்கரைக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தலாம். குழந்தைகள் கொஞ்சம் பெரியவர்கள் என்றால், கடல் வற்றும் நேரத்தில் மணல்வெளியைக் கடந்து ஓரன்சே தீவுக்கு நடந்தே போகலாம். அங்கே 14ஆம் நூற்றாண்டு மடாலயத்தின் இடிபாடுகள் உண்டு. கடல் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால், அன்றைய நீரேற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நாங்கள் இருவர் மட்டும் என்றால் யோசிக்காமல் எக். எங்கே போனாலும், காற்று பலமானால் கப்பல் ரத்தாகும். இரண்டு நாளுக்கான அரிசி, பருப்பு, மருந்து கூடுதலாக எடுத்துப் போங்கள்.