480 டாலர் போய்விட்டது: "கண்காணிப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கித் தருகிறோம்" என்பவர்களை நம்பாதீர்கள்

நேற்று விமான நிலையத்தில் நடந்ததற்குப் பிறகு இரவு முழுவதும் தூக்கமில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் எத்தனை பேர், பெயரை நீக்கித் தருவதாகச் சொல்லி என்னை ஏமாற்றிய ஆளிடம் பணத்தைக் கொட்டுகிறார்களோ!

இரண்டு ஆண்டுகளாக எனக்கு இணையத்தில் போர்டிங் பாஸ் வருவதில்லை. கவுன்டருக்குப் போனால், அங்கிருப்பவர் திரையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தொலைபேசியை எடுப்பார். கடைசியில் கிடைக்கும் சீட்டின் மூலையில் நான்கு எஸ் எழுத்துகள் வரிசையாக இருக்கும். கூடுதல் சோதனை என்று அதற்குப் பொருள். பையைப் பிரித்துப் பரப்பி, உள்ளங்கையை ஒரு துணித்துண்டால் துடைத்து இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தால் அரசின் கண்காணிப்புப் பட்டியலில் உள்ள யாருடைய பெயரையோ போல ஆகிவிடுகிறது என்று நினைக்கிறேன். 2004இல் செனட்டர் எட்வர்டு கென்னடியையே இப்படிப் பலமுறை நிறுத்தினார்கள். அவர் மேலிடத்தில் பேசிச் சரிசெய்துகொண்டார். நான் யாரிடம் பேசுவது?

அப்படித் தவித்தபோதுதான் விசா, பாஸ்போர்ட் வேலைகளைச் செய்துகொடுக்கும் ஓர் இணையச் சேவையின் விளம்பரம் கண்ணில் பட்டது. அழைத்தேன். எடுத்தவர் தமிழர். "அண்ணா, கவலையை விடுங்கள். என் சித்தப்பா மகனுக்கும் இதே தொல்லைதான், நான்தான் நீக்கிக் கொடுத்தேன்" என்றார். என் பெயரை ஒருமுறைகூடத் தவறாக உச்சரிக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக என் பெயரைச் சிதைத்தே கேட்டுப் பழகிய காதுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில்தான் விழுந்தேன். பாஸ்போர்ட் நகலையும் 480 டாலரையும் அன்றே அனுப்பினேன்.

பத்து நாளில் ஏழு இலக்க எண்ணோடு ஒரு கடிதம் வந்தது. "பெயர் நீங்கிவிட்டது அண்ணா, டிக்கெட் எடுக்கும்போது இந்த எண்ணைக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். நேற்று மறுபடியும் அதே நான்கு எஸ். இணைப்பு விமானமும் போய்விட்டது.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை முதன்முறையாக வரிவரியாகப் படித்தேன். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2007 முதல் நடத்திவரும் ட்ரிப் என்ற குறைதீர்ப்புத் திட்டத்தில் விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை அது, அவ்வளவுதான். விண்ணப்பித்த எவருக்கும் அந்த எண் கிடைக்கும். விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது! அதைவிடக் கொடுமை, அந்த ஆள் நிரப்பிய படிவம். என் பிறந்த நாள் ஏப்ரல் 3. பாஸ்போர்ட்டில் 03/04 என்று இருப்பதை அமெரிக்க முறையில் படித்து மார்ச் 4 என்று போட்டிருக்கிறார். பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றை வைத்துத்தான் பயணியைப் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டுவதே பிறந்த தேதிதான். அதையே தவறாகக் கொடுத்துவிட்டு 480 டாலர் வாங்கியிருக்கிறார்.

அழைத்தேன். "45 நாள் பொறுங்கள் அண்ணா." மறுபடி அழைத்தேன். "நீங்கள் கொடுத்தது ஆலோசனைக் கட்டணம், திரும்பாது." மூன்றாவது முறை "அண்ணா" போய் "சார்" ஆனது. அதன் பிறகு எடுக்கவே இல்லை. கடன் அட்டை வங்கியோ, ஆவணம் கிடைத்துவிட்டதால் சேவை நடந்ததாகவே கணக்கு என்கிறது. 480 டாலர், ஓர் இலவசப் படிவத்துக்கு!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. பணம் கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். பாஸ்போர்ட் நகலை இப்படிப்பட்ட ஆட்கள் யாருக்கும் அனுப்பாதீர்கள். என்னுடையது இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். படிவத்தில் பிறந்த தேதியை எழுதும்போது மாதம் முன்னால், நாள் பின்னால்.

இன்று காலை சரியான தேதியோடு நானே விண்ணப்பித்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.