குளிர்காலத்தில் படகை எங்கே கட்டுவது?

இங்கிலாந்துக் கால்வாயில் மிதக்கும் படகுதான் எங்கள் வீடு. மூன்று குளிர்காலங்களை மூன்று விதமாகக் கழித்துப் பார்த்துவிட்டோம். முதல் ஆண்டு நகர்ந்துகொண்டே இருந்தோம். இரண்டாம் ஆண்டு ஒரு மரீனாவில், அதாவது படகுகளை நிறுத்தும் துறையில், வாடகைக்கு இடம் பிடித்தோம். போன ஆண்டு, ஒரே இடத்தில் தங்குவதற்கான குளிர்கால அனுமதி வாங்கி, கால்வாய்க் கரையிலேயே படகைக் கட்டிப்போட்டோம். இந்த நவம்பரிலும் அதையே செய்யப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையான அலசலை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாறக் கூடாது.

எங்களுடையது 57 அடி நீள நேரோபோட், ஒடுக்கமான கால்வாய்ப் படகு. அகலம் ஏழடிக்கும் குறைவு. நானும் மனைவியும் அதில்தான் குடியிருக்கிறோம். கரையில் நிரந்தர இடம் இல்லாத படகுகள் ஒரே இடத்தில் 14 நாள்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது இங்கிலாந்தின் கால்வாய்களில் 1995ஆம் ஆண்டுச் சட்டம். கோடையில் அது ஒரு சுமையே அல்ல. நவம்பர் வந்தால்தான் சிக்கல். அப்போதிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை, கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் லாக்குகளை ஒவ்வொன்றாக மூடிப் பழுது பார்க்கும். லாக் என்பது படகை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் கட்டிய தண்ணீர்த் தொட்டி. இருபுறமும் பலகை செருகி நீரைத் தடுத்து, உள்ளே இருப்பதை இறைத்துவிட்டு, இற்றுப்போன ஓக் மரக் கதவைக் கிரேனால் தூக்குவார்கள். ஒரு கதவு சுமார் 25 ஆண்டு உழைக்கும். புதுக்கதவு மாட்டும் வரை அந்த வழி அடைப்புதான். படகுக்காரர்கள் இதை ஸ்டாப்பேஜ் என்பார்கள்.

பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணப்புக்கு நிலக்கரி எங்கே நின்றாலும் வேண்டும். சேறு எங்கும் உண்டு. மரீனாவில் மின்சாரம் கிடைக்கும், கரையில் கிடைக்காது. டிசம்பரில் சோலார் தகடு பேருக்குத்தான், பேட்டரிக்காக தினமும் எஞ்சினை ஓட்ட வேண்டும். அதையும் இரவு எட்டு மணிக்குமேல் காலை எட்டு வரை ஓட்டக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மரீனாதான் சொகுசு, மறுக்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது கழிப்பறை. சிரிக்க வேண்டாம். எங்கள் படகில் இருப்பது கேசட் வகை: ஏறத்தாழ 20 லிட்டர் பிடிக்கும் ஒரு பெட்டி. இரண்டு பேருக்கு மூன்று, நான்கு நாளில் நிறைந்துவிடும். அதை எல்சன் எனப்படும் கழிவு நிலையத்துக்குத் தூக்கிப்போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். குடிநீர்க் குழாயும் பெரும்பாலும் அதன் அருகிலேயே இருக்கும். ஆக, ‘எல்சன் எவ்வளவு தூரம்?’ என்பதே படகு வாழ்க்கையின் மூலக் கேள்வி. குளிர்காலத்தில் அது ‘எல்சன், மூடிய லாக்குக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?’ என்று மாறிவிடும்.

முதல் குளிர்காலத்தில் இதை நான் யோசிக்கவில்லை. ஸ்டாப்பேஜ் பட்டியலில் போக வேண்டிய வழியை மட்டும் பார்த்தேன். திரும்பி வர வேண்டிய வழியைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு லாக் மூடியது. எல்சன் அதற்கு அப்பால். முன்னால் இருந்த நிலையத்துக்குப் போகலாம் என்று கிளம்புவதற்குள் கால்வாய் உறைந்துவிட்டது. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகவும் முடியாது: அதன் விளிம்பு நம் படகின் தார்ப் பூச்சைச் சுரண்டிவிடும், பக்கத்தில் ஃபைபர் படகு நின்றால் அதன் உடலையே கிழித்துவிடும். ஒன்பது நாள். ஒற்றைச் சக்கர வண்டியில் கேசட்டை ஏற்றி, கரையோரப் பாதையில் முக்கால் மணி நேரம் தள்ளிக்கொண்டு போனேன். எதிரே நாயோடு நடந்து வருகிறவர்கள் அன்போடு ‘குட் மார்னிங்’ சொல்வார்கள். வண்டியில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் கேட்டதில்லை.

அதனால்தான் இப்போது ஊரைப் பார்த்து இடம் தேடுவதில்லை, நீட்சியைப் பார்க்கிறேன். இரண்டு லாக்குகளுக்கு இடைப்பட்ட நீட்சியை இங்கே ‘பவுண்டு’ என்பார்கள். (பணத்துக்கும் அதே பெயர், படகுக்காரன் கையில் இரண்டில் ஒன்றுதான் நீளமாக இருக்கும்.) கிராண்ட் யூனியன் கால்வாயில் பக்பி லாக்குகளின் அடிவாரத்திலிருந்து ஸ்டோக் புரூன் மேல் லாக் வரை சுமார் 24 கிலோமீட்டருக்கு ஒரு லாக் கூடக் கிடையாது. 1805இல் திறந்த, படகுகள் போகும் பிளிஸ்வர்த் சுரங்கமும் அதற்குள்ளேயே வருகிறது. கேய்ட்டன் சந்திப்பில் குழாயும் எல்சனும் உண்டு. இரு முனையிலும் லாக்கை மூடினாலும் எங்களுக்குக் கவலையில்லை. குளிர்கால அனுமதி இருந்தால் 14 நாள் விதியும் தொந்தரவு செய்யாது. போன ஆண்டு இந்த நீட்சிக்குள்தான் இடம் எடுத்தோம். கேசட்டோடு நடை பன்னிரண்டு நிமிடம்.

பட்டியலை மட்டும் நம்ப முடியாது என்பதும் ஒரு காரணம். இருநூறு ஆண்டுக்கு முந்தைய கட்டுமானங்கள் இவை, தேதி பார்த்தா உடையும்? 2019 ஆகஸ்டில், கால்வாய்க்கு நீர் தரும் டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் மதகுச் சரிவு பெயர்ந்து, வேலி பிரிட்ஜ் ஊரில் ஏறத்தாழ 1,500 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. தனியார் வசமுள்ள பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரை 2025 புத்தாண்டு நாளில் வெள்ளத்தில் உடைந்தது. டிரஸ்டுக்கு அரசு தரும் மானியமோ 2027க்குப் பிறகு ஆண்டுதோறும் குறையப்போகிறது. மார்ச் நடுவில் திறப்போம் என்பது ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் யாரை நொந்துகொள்வது?

மரீனாவில் எல்சன் இன்னும் அருகில்தான், உண்மை. ஆனால் வாடகை எங்களுக்குக் குளிர்கால அனுமதியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆனது. பல மரீனாக்களில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதியும் கிடையாது. ‘உல்லாசப் படகு’ என்ற பாவனையிலேயே நாள்களை ஓட்ட வேண்டும். அக்கம்பக்கப் படகின் தொலைக்காட்சிச் சத்தம் வேறு. ஆண்டு முழுவதற்கும் இடம் எடுப்பவர்களுக்குக் கணக்கு மாறலாம்: நிரந்தர இடம் இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தில் 2024 ஏப்ரல் முதல் 5 சதவீதக் கூடுதல், அது படிப்படியாக ஏறி 2028இல் 25 சதவீதமாகும். குளிர்கால அனுமதி வாங்கினாலும் அந்தக் கூடுதலிலிருந்து தப்ப முடியாது. இரண்டு ஆண்டு கழித்து நானே மனம் மாறக்கூடும்.

நகர்ந்துகொண்டே இருப்பதை நான் குறைத்துப் பேசுவதாகச் சிலர் வருத்தப்படலாம். எனக்கு அதில் ஒரு குளிர்கால அனுபவம்தான். அதுவும் என் அவசரத்தால் கெட்டது. ஆறுகளில் குளிர்காலம் கழித்ததே இல்லை. நார்தாம்ப்டன் கிளைக் கால்வாயின் 17 லாக்குகளைத் தாண்டினால் நீன் ஆறு. வெள்ளக் காலத்தில் அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் என் பேச்சு முழுதாகப் பொருந்தாது.

இந்த ஆண்டுப் பட்டியலின் வரைவு கோடையிலேயே வந்துவிட்டது. நான் வரைபடத்தில் சிவப்பு மையால் லாக்குகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது, எதற்கும் இன்னொரு கேசட் வாங்கிவிடலாமே என்றார் மனைவி. வாங்கலாம். வைக்க இடம் படுக்கைக்கு அடியில்தான் இருக்கிறது.